எதிர்வீட்டுச் சத்துமாவு

போன புதன்கிழமை காலை என் மகள் உமா எங்கள் வீட்டு வாசல் நிலையில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பயப்படாதீர்கள். தராசில்தான்!

நிலைக்கு மேலே ஒரு கொக்கி. கொக்கியில் வில் தராசு. தராசின் அடியில் துணித் தூளி. தூளிக்குள் ஒன்றரை வயது உமா, காலை உதைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறாள். கீழே நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சாந்தி. மனையியல் படித்துவிட்டு, குழந்தைகளின் உணவு பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். புதன்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு வருவாள்.

முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஏறலையா?" என்றேன்.

"இறங்கலைல்லக்கா? விடுங்க."

விடுவதா? முதல் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆரப்பாளையத்து பஸ் ஹாரன் காதில் விழுகிற தூரத்தில் எங்கள் தெரு. வடக்கு வரிசை வீடுகளில் இருக்கும் சின்னக் குழந்தைகளுக்குச் சாந்தி சத்துமாவுப் பொட்டலம் தருவாள். தெற்கு வரிசைக் குழந்தைகளுக்கு மாவு கிடையாது. எடை மட்டும் பார்ப்பாள். சில மாதம் கழித்து இரண்டு வரிசையையும் ஒப்பிட்டால் மாவின் பலன் தெரிந்துவிடும். ஆராய்ச்சி முடிந்ததும் தெற்கு வரிசைக்கும் மாவு தருவதாகப் பேச்சு.

நாங்கள் தெற்கு வரிசை.

"ஏம்மா, எங்க பிள்ளைக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தெருவுல வந்து பாதிப் பேருக்குப் பந்தி போடுற!" என்று பக்கத்து வீட்டு சரசு அக்கா சாந்தியிடம் சண்டைக்கே போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. புரிந்தது. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ஆயிற்றே! கல்லூரி லேபில் ஊசலை ஆட்டிவிட்டு நேரம் பார்த்தவள். நூலின் நீளத்தை மாற்றினால் குண்டை மாற்றக் கூடாது. குண்டை மாற்றினால் நூலைத் தொடக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு... அதுதானே சோதனை?

லேபில் பக்கத்து மேஜைக்காரிகள் சரியான விடையை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற மாதிரி அளவுகளை எழுதுவார்கள். நான் மாட்டேன். தப்பாக வந்தால் தப்பாகவே எழுதி, மார்க்கையும் விட்டுவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய் அழுவேன். அப்படி ஒரு பிறவி.

அது சாந்திக்கு எப்படித் தெரிந்ததோ! முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க படிச்சவங்க. அந்தப் பக்கத்து மாவு உங்க வீட்டுக்குள்ள மட்டும் வராமப் பாத்துக்கங்க." தலையாட்டினேன். தலையாட்டிவிட்டால் ஆட்டியதுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் கணவருக்கு டிராக்டர் உதிரி பாகம் விற்கிற கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் டூர். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் கொட்டாம்பட்டிப் பக்கம். மதுரைக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பகல் முழுவதும் நானும் உமாவும் ரேடியோவும்தான். உமாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ரேடியோவுக்கு நான் பேசுவது கேட்காது. சில நாள் பால்காரரை நிறுத்தி, "நாளைக்கும் வருவீங்கதானே?" என்று கேட்பேன். வருவார் என்று எனக்குத் தெரியும். சும்மா... நமக்குக் குரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே!

அப்படி இருந்தவளை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டுப் பேசிய முதல் ஆள் எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா. வீட்டின் முன்பக்கத்தில் அவர் கணவர் காசிம் பாய் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அவர்களுடைய கடைசிப் பையனுக்கும் உமா வயதுதான். மும்தாஜ் அக்கா கடைக்குள் நின்றபடியே தெருவைத் தாண்டிப் பேசுவார். "ஏ புள்ள, இன்னைக்கு என்ன குழம்பு?" "ஏ புள்ள, மகளுக்குச் சளி விட்டுருச்சா?" அந்த ஒரு கேள்விக்காகவே நான் வாசலை ஒருமுறைக்கு இருமுறை பெருக்கியிருக்கிறேன்.

அவர்கள் வடக்கு வரிசை. மாவு உண்டு.

ஒருநாள் மத்தியானம். மும்தாஜ் அக்கா முந்தானையால் மூடிய கிண்ணத்தோடு தெருவைக் கடந்து வந்தார்.

"பிடி புள்ள. சத்துமாவுல வெல்லமும் தேங்காயும் போட்டு உருண்டை பிடிச்சேன். உம்மகளுக்குக் குடு. அம்புட்டையும் எம்மகன் ஒருத்தனா திங்கப் போறான்?"

நெய் மணத்தது. உமா கையை நீட்டிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

"வேணாங்க்கா..."

"இப்பத்தான் சாப்பிட்டாளா? சாயங்காலமாக் குடு."

"இல்லக்கா. நாங்க வாங்கக் கூடாது."

"கூடாதுன்னா?"

"உங்க வீட்டுலருந்து வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு, உன் வீட்டுக்காரரா?"

"ஐயோ, அவரில்லக்கா. ஆராய்ச்சியில..."

"எங்க வீட்டுல வாங்கித் திங்கக் கூடாதுன்னு ஆராய்ச்சியிலயே இருக்கா?"

"ஆமாக்கா" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை!

மும்தாஜ் அக்கா கிண்ணத்தை மறுபடி முந்தானையால் மூடினார். "சரிங்க" என்றார். அந்தச் சின்னத் தெருவைக் கடக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் ஊரில் ஒரு வீட்டுக் கிண்ணத்தை இன்னொரு வீட்டுக்காரி வேண்டாம் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அதுவும் ஓர் இந்து வீடு, ஒரு முஸ்லிம் வீட்டுக் கிண்ணத்தை... மேலே சொல்ல வேண்டுமா? கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். என்னவென்று? ஊசல், நூல், குண்டு என்றா?

மறுநாளிலிருந்து 'என்ன குழம்பு' இல்லை. டூரிலிருந்து வந்த என் கணவரிடம் சொன்னேன். "அட, போய் விஷயத்தைச் சொல்லிட்டு வா. இதுக்குப் போயா முகத்தைத் தூக்கி வச்சிருக்க?" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் வேறு சட்டைகளை அடுக்கிக்கொண்டு தேனிப் பக்கம் போய்விட்டார்.

போய்ச் சொல்லத்தான் செய்தேன். தண்ணீர்க் குழாயடியில் பார்த்தபோது, "அக்கா, அன்னைக்கு... அது அந்த மாவுக்கு மட்டுந்தான்" என்று ஆரம்பித்தேன்.

மும்தாஜ் அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தார். "அதனால என்னங்க? அவங்கவங்க பழக்கம்."

திட்டியிருக்கலாம். நன்றாக இரண்டு திட்டு திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அழுதுவிட்டு வந்திருப்பேன். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து உமாவுக்குப் பருப்புச் சோறு பிசைந்தேன். இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. உருண்டை என்றால் தின்றிருப்பாளோ? ஒரு குழந்தை வாய்க்குப் போகவேண்டியதைத் தட்டிவிட்டுத்தான் நாட்டுக்கு அறிவு சேர்க்க வேண்டுமா? அல்லது நான் வாங்கியிருந்தால் சாந்தியின் உழைப்பு பாழாகியிருக்குமே? யோசித்து யோசித்து அன்றைக்கு ராத்திரிச் சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

சரி, போன புதன்கிழமைக்கு வருகிறேன். உமாவைத் தூளியிலிருந்து இறக்கிவிட்டு சாந்தி வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கணக்கே வரமாட்டேங்குதுக்கா. ரெண்டு வரிசைப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எடை ஏறுதுங்க. அப்ப மாவுல சத்தே இல்லைன்னுதானே அர்த்தம்? எங்க ப்ரொபசர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

பக்கத்து வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சரசு அக்கா நிமிர்ந்தார்.

"மாவுல சத்து இல்லையா? எவ சொன்னா? எம்பேரன் எப்படித் தேறிட்டான் பாரு!"

சாந்தி மெல்ல எழுந்தாள். "உங்க பேரனுக்கு மாவு ஏது?"

"எதிர்த்த வரிசையில குடுக்குறாக, வாங்குறோம். நாங்க மொச்சைப் பயறு அவிச்சா அவுகளுக்குக் குடுப்போம்ல? பிள்ளைய வச்சிக்கிட்டு ஒரு வீட்டுல மணக்க மணக்கக் கிண்டுறது, எதிர்வீட்டுப் பிள்ளை பாத்துக்கிட்டே நிக்கிறதா? இது என்ன தெருவா, ஜெயிலா?"

தெற்கு வரிசை மொத்தமும் தின்றிருக்கிறது!

சாந்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பெரிய விருது கொடுப்பதுபோல் சொன்னாள்: "இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தான்க்கா சொன்ன சொல் தவறல. உங்க உமா எடை ஒண்ணைத்தான் நான் நம்பலாம்."

ஒருத்தர்தான். ஆமாம், அதுதான் எனக்குத் தெரியுமே.

என் ஹாஸ்டல் தோழி ஒருத்தி அலங்காநல்லூர்ப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். அவள் பள்ளியில் ஒரு ஆராய்ச்சி நடந்ததாம். 'அ' பிரிவுக்குப் படம் போட்ட அட்டையைக் காட்டி எழுத்துப் பாடம், 'ஆ' பிரிவுக்கு வெறும் கரும்பலகை. பரீட்சையில் இரண்டு பிரிவும் ஒரே மார்க். விசாரித்தால், மணி அடித்ததும் 'அ' பிரிவு வேப்பமரத்தடியில் 'ஆ' பிரிவுக்கு டீச்சர் விளையாட்டு நடத்தியிருக்கிறது! அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போதுதான் புரிகிறது. பிசிக்ஸ் லேபில் எல்லாம் சுலபம். ஊசலுக்கு எதிர்வீடு கிடையாது.

சாந்தி போனதும் உமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். என்ன பேசுவது என்று ஒன்றும் யோசித்துக்கொள்ளவில்லை. யோசித்தால் திரும்பிவிடுவேன்.

"வாங்க, வாங்க" என்று மும்தாஜ் அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏங்க, எதிர்வீட்டம்மா வந்திருக்காக. ஒரு கலர் உடைங்க."

கலர் என்றால் கம்பெனியிலேயே மூடி போட்டு வருகிற ஆரஞ்சு பாட்டில். அந்த வீட்டு அடுப்பில் ஏறாதது, அந்த வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றாதது. 'நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்' என்று தெரிந்த விருந்தாளியின் மனம் நோகாமல் கொடுப்பதற்கென்றே இருக்கிறது. எனக்காக, என் மனம் நோகக் கூடாதென்று, அவர் யோசித்திருக்கிறார்.

"எனக்குக் கலர் வேணாங்க்கா. டீ போடுங்க" என்றேன்.

மும்தாஜ் அக்கா என்னைப் பார்த்தார். "எங்க டம்ளர்லதான் வரும்."

"வரட்டும்."

"உங்க ஆராய்ச்சி?"

"ஆராய்ச்சி படுத்துருச்சுக்கா. தெருவே வாங்கித் தின்னிருக்கு. நான் ஒருத்திதான் மக்கு."

மும்தாஜ் அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் நடந்தார். அதற்குள் காசிம் பாய் பாட்டிலோடு உள்ளே தலையை நீட்டினார்.

"உடைச்சுட்டேனேம்மா?"

"அதை நீங்களே குடிங்க" என்றது அடுப்பங்கரை. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "சீனி எம்புட்டு போட?"

"உங்களுக்குப் போடுற மாதிரியே போடுங்கக்கா."

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அளவைத் திருத்தி எழுதிப் பழக்கமில்லையே! வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க" என்றுதான் வழியனுப்பினார். 'ஏ புள்ள' இன்னும் திரும்பி வரவில்லை. வரலாம். வராமலும் போகலாம். நாளைக்கும் வாசல் பெருக்குவேன்.

ஆமாம், டீயில் சீனி திகட்டத் திகட்ட இருந்தது... அந்த உண்மையை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.