பத்தொன்பதாவது தலை

1974 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூடிக்கிடந்தது, காற்று இல்லை. குடையைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தணி கடைவீதி அச்சகத்தில் என் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கான மாதிரித் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிழைகள் நான்கு. நான்கையும் திருத்திக் கொடுத்த பிறகு எழுத்துக் கோக்கிறவர் கேட்டார்:

"இன்னா சார், ரெண்டு வீட்டுப் பேரும் ஒண்ணுதானே? ஒரே மாதிரி போட்டுடட்டா?"

கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துத் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு. ஒரே வீட்டுப் பெயர் என்றால் பங்காளிகள்; பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. மாப்பிள்ளை வீடு நகரி. அவர்கள் பெயரைச் சொன்னபோது வேறாகத்தான் கேட்டது. தமிழ் அச்சில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. எங்கள் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று இன்றுவரை முடிவாகாததுதான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்தேன். ஏழு காகிதங்கள் இருந்தன, ஐந்து விதமான பெயர்கள். ஊர் ஆந்திராவில் இருந்தபோது எழுதியது தெலுங்கில், பிறகு வந்தவை தமிழில், என் பள்ளிச் சான்றிதழ் இங்கிலீஷில். அப்பா கையெழுத்திலேயே இரண்டு விதம். தாலுகா ஆபீஸில் மனு போட்டு நிலப் பத்திரத்துக்கு நகல் வாங்கினேன். அதில் ஆறாவது விதம். அது மாப்பிள்ளை வீட்டுப் பெயருடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

"காகிதத்தப் பாத்துகினே இரு, கல்யாணம் தானா நின்னுடும்" என்றாள் என் மனைவி.

மகள் கதவோரம் நின்றாள். "நைனா, நான் அவர பாவான்னு கூப்புடணுமா, அண்ணான்னு கூப்புடணுமா? சீக்கிரமா சொல்லு."

பாவா என்றால் கட்டிக்கொள்ளும் முறை. சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் கையில் மாப்பிள்ளையின் போட்டோ இருந்தது, அதை அவள் கீழே வைக்கவில்லை.

மறு வாரம் இனிப்பும் பழமும் வாங்கிக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே "வாங்க பாவா" என்றார். மைத்துனன் முறை. அண்ணன் தம்பியாக இருந்தால் இது எவ்வளவு பெரிய அபத்தம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர்கள் வீட்டு உத்தரக் கட்டைகளை எண்ணினேன். பதினொன்று.

அவரே பேச்சை எடுத்தார். "உங்க நைனாவ எங்களுக்குத் தெரியும் பாவா. நூல் வாங்குற பழக்கம். அவரு பத்தாம் நாள் காரியத்துக்கு எங்க நைனா வந்தாரே."

"வந்தாரா? மொட்டை போட்டிருந்தாரா?"

"ஆங், மொட்டதான்."

காப்பி என் வேட்டியில் கொட்டியது. எங்களில் பத்தாம் நாள் மொட்டை போடுகிறவர்கள் பங்காளிகள் மட்டும்தான்.

"சுட்டுடுச்சா பாவா? துணி கொண்டாரச் சொல்றேன். அது வேண்டுதல் மொட்ட. எனக்குக் கால் ஒடஞ்சி நல்லாச்சில்ல, அதுக்கு. முந்தின நாளு உங்க ஊரு மலைல முடி குடுத்துட்டு, மறுநாளு காரியத்துக்கு வந்தாரு."

"மலையேறிச் சாமி பார்த்தாரா? அந்தப் பத்து நாளுக்குள்ளேயா?"

"பாக்காம? இன்னா கேள்வி இது!"

பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு. மலையடிவாரத்துப் படியைக்கூட மிதிக்க மாட்டான். அவர் மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து எங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். அன்று இருந்த எங்கள் பெரியவர்கள் ஒருவரும் அவரைத் தீட்டுக்காரராகச் சேர்க்கவில்லை.

அன்று மாலையே வீடு திரும்பி, 1961ஆம் வருடத்துக் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். அப்பா காரியத்தின் பக்கத்தில் என் கையெழுத்து: "மொட்டை, நாவிதர் கணக்கு 18. பந்தியில் நான் எண்ணியது 19. தலைக்கு அரை ரூபாய்." பதினெட்டுதான் என்று நாவிதர் தலையில் அடித்துக்கொண்டார். நான் இரண்டு முறை எண்ணியிருந்தேன், விடவில்லை. பத்தொன்பதுக்குக் காசு கொடுத்தேன். அந்த ஒரு தலை யாருடையது என்று பதிமூன்று வருடம் என்னை உறுத்தியது.

மகளைக் கூப்பிட்டு, "பாவாதான்" என்றேன்.

"எனக்கு அது முன்னாடியே தெரியும்" என்றாள். போட்டோவை அப்போதுதான் அலமாரியில் வைத்தாள்.

பத்திரிகையில் இரண்டு பெயரும் இருந்தபடியே இருக்கட்டும் என்றேன். எழுத்துக் கோக்கிறவர் இரண்டாம் மாதிரித் தாளுக்குக் கூலி கேட்டார், மூன்று ரூபாய். நகலுக்கும் மனுவுக்கும் ஆறே கால். இனிப்பும் பழமும் நான்கு. பஸ் போகவர ஒன்று நாற்பது. நாவிதர் தொடவே தொடாத தலைக்கு 1961இல் நான் கொடுத்த ஐம்பது காசையும் சேர்த்து, மொத்தம் பதினைந்து ரூபாய் பதினைந்து காசு.