பேய்க்கு மாட்டிய ஹெல்மெட்

திருவண்ணாமலை தியேட்டரில் என் முதல் படம் ஓடியது. பழைய பேய்ப் படங்களுக்கு மரியாதையாக வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் எல்லாம் வைத்து, வேண்டுமென்றே பேய்க்கு ஹெல்மெட்டும் மாட்டியிருந்தேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டிக்கெட் கிழிப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான ஆள். பேசும்போது எதிராளியின் முகத்தில் டார்ச் அடிப்பது அவர் பழக்கம். நான்தான் டைரக்டர் என்றதும் எனக்கும் அடித்தார்.

"பேய்க்கு இன்னாத்துக்கு ஹெல்மெட்டு?"

"பழைய படங்களுக்கு மரியாதைங்க. கொஞ்சம் கிண்டலா..."

"அந்தப் படங்களப் பாத்துட்டு நான் ஒரு மாசம் தனியா கொல்லப்பக்கம் போவல. நீ எதுக்குனா பயந்திருக்கியா?"

"இல்லைங்க."

"அப்புறம் இன்னா மரியாத? போய்யா!"

டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படம் நன்றாகவே ஓடியது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.