ஆவரசுக்கு விட்ட தண்ணீர்

காங்கேசன்துறைப் பக்கம் எங்கள் வீட்டு வேலியோரம் முழுக்க ஆவரசு, அதுதான் ஆவாரஞ்செடி. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதுமில்லை. விடியக்காலையில் பூ ஆய்ந்து காயப் போடுவதோடு எங்கள் வேலை சரி. பங்குனி வெயிலில் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் கலியாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி மஞ்சளாக நிற்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆமி அடித்த செல்லடியில் ஊரோடு ஓடி வந்தபோது, தேயிலைத் தகரப் பேணி என்று நான் தூக்கியது காய்ந்த ஆவரசம்பூப் பேணி. தெற்கே, உடுவிலுக்கு வந்து திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். அதுவும் நல்லதுக்குத்தான். தேயிலை கிடைக்காத நேரம் அதை அவித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். எங்களை இருக்க விட்ட வீட்டுக்கார அக்காவும் கேட்டு வாங்கிக் குடிப்பா. எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். பேணியின் அடியில் இரண்டு மூன்று நெற்றுக் கிடந்தது. உடைத்து விதையை எடுத்து, அக்காவைக் கேட்டு, மதிலோரம் ஊன்றினேன். ஒன்று முளைத்தது.

என் தோளளவு வளர்ந்தும் பூக்கவில்லை. எனக்கோ அந்த மஞ்சளை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும். முகம் கழுவ முன்னமே போய் மொட்டுத் தேடுவேன்.

காரணம் என் மனிசன்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்தே பழகிய உடம்பு. இங்கே தோட்டத்துக்கு எங்கே போவது? விடிந்தால் கிணற்றில் அள்ளி அள்ளி அந்த ஒற்றைச் செடிக்கு ஊற்றுவார். அதற்குப் பாத்தி வேறு, வாய்க்கால் வேறு. ஆவரசுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் தள்ளும்.

"உங்கடை மனிசன் தண்ணி விடுறாரோ, இல்லாட்டி அதுக்கு முழுக வாக்கிறாரோ?" என்று அக்கா சிரிப்பா.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். வாளி தூக்கும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும், அதைக் கண்டதும் விழுங்கிவிடுவேன்.

கடைசியில் குசினிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் தரும்படி அக்காவைக் கேட்டேன். கறிக்கு வெங்காயம் ஆகும் என்றதும் தந்தா. விதை வெங்காயம் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். மறுநாளே வாளி அந்தப் பக்கம் போய்விட்டது. கலியாணம் முடித்த பெடியன் தாய் வீட்டை மறந்த மாதிரி ஆவரசை மறந்துபோனார்.

செடி வாடியது, இலை கொட்டியது. மாரி போய் வெயில் ஏறிய ஒரு காலை, உச்சிக் கொப்பில் மஞ்சள். சின்னப் பெட்டை மாதிரிக் கத்தி அவரைக் கூப்பிட்டேன். மண் ஒட்டிய கையோடு வந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி கூடினாப் பூக்காதெண்டு எனக்கும் தெரியும். கை கேக்கேல்லையப்பா."

அவர் வடக்கே, ஊர்ப்பக்கம் பார்த்தார்.

"அங்கை இப்ப பூ ஆயவும் ஆளில்லை. வேலி முழுக்க மஞ்சளாத்தான் கிடக்கும், என்ன?"

"ஓம்" என்றேன்.

அந்தப் பூவை நானும் ஆயவில்லை.