எண்ணூர்க் குப்பத்தில் எங்கள் கிறிஸ்துமஸ்

எர்ணாவூரில் எங்கள் சர்ச் இளைஞர் குழுவுக்கு நான் தலைவியாக இருந்தபோது, எண்ணூர் மீனவர் குப்பத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். அங்கே எல்லாம் இந்துக் குடும்பங்கள். நாங்கள் பாடுவோம், நாடகம் போடுவோம். அவர்கள் முதலில் வரிசையில் வந்து நாங்கள் தரும் புடவையை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து பார்ப்பார்கள். என் திட்டம் அவ்வளவுதான்.

வரிசையில் முதலில் நின்ற, மீன் விற்கும் தேசம்மா அக்கா புடவையை வாங்கவில்லை.

"இன்னா பாப்பா, பண்டிகைன்னு கூப்ட்டு க்யூல நிக்க வச்சிகினுகீறியே! நாங்களும் சமைச்சி எடுத்தாந்துகீறோம். மொதல்ல எல்லாரும் ஒண்ணா குந்தி துன்னலாம்."

எனக்குக் கூசிப்போனது. கையில் மைக் இருந்தது. "தப்பு என்னுதுதான்க்கா, மன்னிச்சிடுங்க" என்று அதிலேயே சொன்னேன்.

நான் சொல்லாமலே எங்கள் குழுப் பிள்ளைகள் நாற்காலிகளை ஓரங்கட்டி, மணலில் பாய் விரித்தார்கள். யார் எந்த ஊர் என்று தெரியாதபடி கலந்து உட்கார்ந்து, இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டோம். பிறகு நாடகம் தொடங்கியபோது, குழந்தை இயேசுவாகத் தொட்டிலில் இருந்த பொம்மையை எடுத்துவிட்டு, தேசம்மா அக்கா தன் மகளின் கைக்குழந்தையைப் படுக்கவைத்தார். குப்பமே கைதட்டியது.

மறுவருடம் நோட்டீஸில், 'விழா நடத்துவோர்' என்ற இடத்தில் எங்கள் குழுவோடு அந்தக் குப்பத்தின் பெயரையும் அச்சடித்தோம். தலைவியாக நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையானது அந்த ஒரு வரிதான்.