மேற்குச் சுவரோரக் கடைசித் தறி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் தோழி, நாற்பத்தாறாவது வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பெண்களுக்கு வரும் இருமல்தான் ஆய்வுப்பொருள். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் நான் நடையைத் திருத்தித் தர ஒப்புக்கொண்டேன்.

பச்சை மையில் திருத்துவது என் வழக்கம். "தொழிலாளர்கள் சிலரிடமிருந்து சில கருத்துகள் பெறப்பட்டன" என்று அவர் எழுதியிருந்த இடத்தின் ஓரத்தில், "யார்? எங்கே? என்ன சொன்னார்?" என்று குறித்தேன். அவர் தம் களக்குறிப்பேட்டைப் புரட்டினார். இருவருமாக நான்கு முறை மாற்றி எழுதியபின் வாக்கியம் இப்படி நின்றது: "மேற்குச் சுவரோரக் கடைசித் தறியில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்பவரும், மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவருமான ஒரு பெண், சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் முதலாளி முகக்கவசம் தருவதாகவும், அவர்கள் போனதும் திரும்ப வாங்கிவிடுவதாகவும் சொன்னார்."

"பேரைப் போடலையே ஸார், அது போதும்ல?" என்று தோழி கேட்டார். போதும் என்றேன். கட்டுரையிலேயே சிறந்த வாக்கியம் அதுதான் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்து இணையத்திலும் ஏறியது. மூன்றாவது வாரம், வியாழக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, அந்தத் தறிக்கூடத்தின் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். அடுத்த தெருக்காரர். கையில் கட்டுரையின் அச்சுப் பிரதி இருந்தது.

"டீச்சரம்மா நம்ம தறி செட்டுல நாலு நாள் உக்காந்து எழுதிட்டுப் போனாக. நாந்தான் உள்ள விட்டேன். என்னத்த எழுதியிருக்காகன்னு தமிழ்ல செத்த சொல்லுங்க ஸார்."

நடையைத் திருத்தியவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்தது. "மாஸ்க் சரியாக் கிடைக்கலைன்னு சில பேரு சொல்லியிருக்காங்க" என்று முடித்து அடுத்த பத்திக்குப் போனேன்.

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது.

"இங்கிலீஷ்ல நாலு வரி இருக்கு. தமிழ்ல அரை வரியாயிருச்சே ஸார்?"

"அவங்க எழுதுறது அப்படித்தான், வளவளன்னு."

சிரித்தார். "இருக்கட்டும். மதுரையில காலேஜ் படிக்கிற எம் மக சனிக்கிழமை வாரா. அவளையும் ஒரு தடவ வாசிக்கச் சொல்லுதேன்."

தாள்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு முன்பே தோழியும் நானும் மம்சாபுரம் நிறுத்தத்தில் நின்றோம். அந்தப் பெண் தூக்குச்சட்டியுடன் வந்தார். தோழி நடந்ததைச் சொன்னார்.

"பேரு போடமாட்டேன்னீகளே டீச்சர்?"

"போடலக்கா."

"பொறவு அவருக்கு எப்படித் தெரியும்?"

தோழி என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை, இந்த முறை ஒரு சொல் விடாமல், நான் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே கேட்டார்.

"அப்படியே நாந்தான்," என்றார். "வேற எவளுக்கும் பொருந்தாது."

"இன்னைக்கு வேலைக்குப் போக வேண்டாம்க்கா," என்றார் தோழி.

"நல்லாச் சொன்னீக. நாளைக்கு அந்தப் பிள்ள வாசிக்கையில நான் லீவுல இருந்தா, நானே போயி ஒத்துக்கிட்ட மாதிரில்ல ஆயிரும்?"

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதழுக்கு எழுதி அந்த வாக்கியத்தை நீக்கச் சொல்லலாமா என்று தோழி கேட்டார். சொல்லலாம் என்றேன். அச்சடித்த தாள் முதலாளியிடம் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை.