பாண்டி மிச்சம் பிடித்த கரண்ட்

பிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் தொழிலில் மெஷினைத் திறப்பதற்கு முன் வீட்டுக்காரரை விசாரித்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். இனி நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் டெஸ்டரே எனக்கு ஷாக் அடிக்கட்டும். கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஓடுகிற பேனை முறைக்கும் உங்களுக்கெல்லாம் இது புரியும்.

பழசும் புதுசும்

மாப்பிள்ளையூரணியில் பாண்டி என்றொரு கருப்பட்டி வியாபாரி. கரண்டை மிச்சம் பிடிப்பதில் அவனை மிஞ்ச எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் ஆள் இல்லை; அந்தப் பக்கம் கடல். ஐந்து நட்சத்திர பிரிட்ஜ் ஒன்று வாங்கினான். மாட்டிக் கொடுக்கப் போனால், பக்கத்திலேயே பழைய பிரிட்ஜும் உறுமிக்கொண்டிருக்கிறது. அந்த அதிர்வில் சுவர்க் காலண்டரில் இன்றைய தாள் தானாகக் கிழிந்து விழுந்து நாளைய தேதி வந்துவிட்டது. பழசுக்கு உள்ளே ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்.

"ஏலே, இத அணைக்கலியா?" என்றேன்.

"புதுசு மிச்சம் பிடிக்குத கரண்டுல பழசு ஓடட்டும் அண்ணாச்சி. சும்மா மிச்சம் பிடிச்சி என்ன செய்ய?"

சீலா மீன்

அடுத்த பில் ஏறித்தான் வந்தது. பாண்டி புதுசைத் தண்டித்தான். காலையில் கடைக்குப் போகும்போது அணைப்பான், திரும்பி வந்துதான் போடுவான். "பிரிட்ஜ அணைக்காதல. உள்ள வைக்குத மீனு குளிர நம்பிக் கெடக்கு, ஒன்ன நம்பி இல்ல. சுவர விட்டுத் தள்ளி வச்சி, கதவ ஒழுங்கா மூடு, பில்லு தானாக் கொறயும்" என்றேன். தலையாட்டினான்.

அவன் மனைவி செல்லக்கனியின் அண்ணன் ஓட்டப்பிடாரத்திலிருந்து விருந்துக்கு வந்தார். அவருக்கென்று முந்தின நாளே வாங்கிப் புதுசில் வைத்த சீலா மீனை எடுத்தால், வாடைக்கு ஓடிவந்த பூனைகளில் பாதி வாசலிலேயே மயங்கி விழுந்தன. விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்ததால் என் கண்ணால் பார்த்தேன். வந்தவருக்குச் சோறும் ஊறுகாயும். செல்லக்கனி துணிமணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பாண்டிக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

"நீங்களே சாட்சி அண்ணாச்சி. பிரிட்ஜுதான் குளுரல, இந்த வீட்டுல ஒரு ரூமாவது ஒழுங்காக் குளுரணும். இல்லன்னா கோடை முடியுத மட்டும் நான் எங்க அண்ணன் வீட்டுல இருந்துக்கிடுதேன், இவுக பொங்கித் தின்னட்டும்."

உப்புக் காத்து

பயந்துபோய் ஏ.சி. வாங்கிவிட்டான். ஒரே வாரத்தில் போன்: "அண்ணாச்சி, ஏ.சி. குளுரவே இல்ல." மத்தியானம் போய் மொட்டை மாடியில் தேடினால் வெளி யூனிட்டைக் காணோம். கடல் காற்று உப்பில் துருப்பிடித்துவிடுமாம். மாட்ட வந்தவனை அதட்டி அதைக் கூடத்துக்குள்ளேயே மாட்டியிருக்கிறான். படுக்கை அறைச் சூடெல்லாம் கூடத்துக்குள் அனலாக வீசுகிறது. அதற்கு முன்னால் கொடியில் துணி, தட்டில் நெத்திலி, நடுவில் இடுப்பில் துண்டோடு பாண்டி. மூன்றும் காய்ந்துகொண்டிருந்தன. அறைக் கதவு உள்பக்கம் தாழ்.

"வெளிய மாத்தி, மேல ஒரு தகரம் போட்டுத் தாரேன்" என்றேன்.

கூடத்துப் பக்கமுள்ள அறை ஜன்னல் லேசாகத் திறந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். "அங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு நல்லாத்தான் குளுருது."

"ஏளா, கதவயாவது தொற" என்றான் பாண்டி.

"தொறந்தா குளிரு வெளிய போயிரும். கரண்டு வீணாப் போவும்லா?"

கூடத்து அனல் தாங்காமல் அந்தக் கோடை முழுக்க அவனே போய் ஓட்டப்பிடாரத்தில் மச்சான் வீட்டுப் பேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தானே, தன் வீட்டுப் பேன் ஓடாததில் பாண்டி தன் ஆயுசில் உருப்படியாக மிச்சம் பிடித்த கரண்ட் அது ஒன்றுதான். சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். பாண்டி தங்கிப் போன கையோடு மச்சான் வீட்டு பிரிட்ஜும் இப்போது என்னிடம்தான் ரிப்பேருக்கு வந்திருக்கிறது.