வெட்டுக்கத்தி விழும்போது

எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை. ஓர் அரிவாள்மணை, பழம் நறுக்க ஒரு சின்னக் கத்தி, தறியில் நூல் நறுக்க ஒரு பிளேடு. எங்கள் ஆயுதங்கள் அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண், எலும்பு வெட்டுகிற கத்தி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "புடிச்சுப் பாரும்மா, கைல எப்படி உக்காருது" என்றால் தாய் என்ன செய்வாள்? நான் முதலில் தெருக்கதவைச் சாத்தினேன்.

மகள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரும்பின் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். வேலையில் பிடித்த பைத்தியம் வீடுவரை வந்துவிட்டது. அவளைப் போலப் பெரிய கத்திகளின் மேல் ஆசை உள்ளவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கூடி, கொண்டுவந்ததை வெட்டிப் பார்த்து, யாருடையது உசத்தி என்று சண்டை போட்டு, இட்லி தின்றுவிட்டுக் கலைவார்கள். எலும்பே காணாத எங்கள் வீட்டில் அவள் கத்தி பலாப்பழத்தையும் பூசணிக்காயையும் பிளந்துகொண்டிருந்தது.

போன ஆடியில் ஒரு நாள் அது சமையல் மேடையிலிருந்து நழுவியது. அவள் அதைப் பிடித்தாள்.

யாராவது விழுகிற கத்தியைப் பிடிப்பார்களா என்று மருத்துவமனையில் எல்லோரும் கேட்டார்கள். எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும்போது, தறியின் ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவை, கரை இழை சுற்றிய அந்தச் சின்னக் கட்டையை, தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது அவள்தான். நாடா நழுவினால் தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட வேண்டும்; விட்டால் பட்டு இழை அறுந்துபோகும். கண் பார்ப்பதற்கு முன்பே கை போய்விடும். எங்கள் வீட்டில் டம்ளரோ சீப்போ டிவி ரிமோட்டோ தரையில் விழுந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கைதான் கத்திக்கும் போயிற்று.

எங்கள் ஐயம்பேட்டையிலிருந்து மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோவில், என் மடியில் அவள் கை, அதைச் சுற்றி என் முந்தானை. உள்ளங்கையின் குறுக்கே தையல் போட்டார்கள். இப்போது ஆறிவிட்டது, விரல்கள் நன்றாக மடங்குகின்றன. எனக்குத்தான் ஆறவில்லை. நான் கணக்கு நடத்தும் வகுப்பில் யாராவது ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டால், என் கையிலிருக்கும் சாக்பீஸ் உடைகிறது.

கத்தி வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றேன். ஒரே ஒரு ஞாயிறு என்னோடு வா, பார்த்த பிறகும் வேண்டாமென்று சொன்னால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். சரி என்றேன். வேண்டாமென்று சொல்வதாக முடிவு செய்துகொண்டுதான் புறப்பட்டேன். கைப்பையில் பஞ்சு, கட்டுத்துணி, மருந்து எல்லாம் இருந்தன.

தோப்பின் நடுவே ஒரு புளியமரக் கட்டை. அதைச் சுற்றி, நான் பயந்ததுபோல் மீசை முறுக்கியவர்கள் யாரும் இல்லை. கறிக்கடை பாய் ஒருவர், முசரவாக்கத்திலிருந்து வந்த இளநீர்க்கார அம்மா ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், இன்னும் சிலர். யாரும் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் உறவு முறியுமாம். கட்டையின் மேல் வைப்பார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.

பாயின் கத்தி அகலமானது, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. அதை ஓங்க வேண்டாம், தூக்கி விட்டாலே போதும், பாரமே வெட்டிவிடும் என்பது அவர் கட்சி. இளநீர்க்கார அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. கறி கட்டையில் படுத்துக்கிடக்கும், இளநீர் தன் கையிலேயே இருக்கும், பாரமான கத்தியால் வெட்டினால் சாயங்காலம் தோள் கழன்றுவிடும் என்றார். அவருடையது வளைந்து, முனையில் மட்டும் கனத்திருந்தது. மூன்றே சீவலில் இளநீர் திறந்தது. வங்கிக்காரர் தன்னுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கூரியரில் வந்தது, கண்ணாடிபோல் பளபளத்தது. ஓங்கி ஒரு வெட்டு. இளநீர் மட்டையில் பட்டுக் கத்தி எகிறியது.

"சார், இத்த பூஜை ரூம்ல வெச்சுடுங்க. வருசத்துக்கு ஒருவாட்டி பொட்டு வெச்சா போதும்" என்றார் இளநீர்க்கார அம்மா.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வங்கிக்காரர், மனம் நொந்து, கத்தியைக் கட்டையின் ஓரத்தில் வைத்தார். அதன் தலைப்பாரம் வெளியே இருந்தது. பக்கத்தில் என் மகள்.

கத்தி சரிந்தது.

"விடு!"

எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் குதித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். என் மகளும் குதித்தாள், தையல் போட்ட கையும் மேலேதான் இருந்தது. கத்தி மண்ணில் குத்தி நின்றது. அதை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு குனிந்திருந்தது நான் ஒருத்திதான். என் இடுப்பைப் பிடித்து இழுத்து வைத்திருந்தார் இளநீர்க்கார அம்மா.

"பாப்பா, நீ சொன்னது நெசந்தான்" என்றார் அவர் என் மகளிடம், என் மேலிருந்த பிடியை விடாமல். "உங்க வூட்ல அல்லாருக்கும் இந்த வியாதி இருக்குது."

அப்போதுதான் தெரிந்தது, ஆடியில் நடந்ததற்குப் பிறகு அவர்கள் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். கூடுகிற ஒவ்வொரு ஞாயிறும் முதல் வேலை, ஒரு தென்னை மட்டையைக் கட்டையிலிருந்து தள்ளிவிட்டு, எல்லோரும் கை தூக்கிப் பழகுவது. அன்று நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது முடிந்திருந்தது. முதலில் என் மகள் மட்டும் மட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். பாய் அவளுக்கு விக்கெட் கீப்பர் என்று பேர் வைத்திருந்தாராம்.

திரும்பும்போது பஸ்ஸில் கத்தி அவள் மடியில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த துணியின் முடிச்சை நான் இன்னும் ஒருமுறை இறுக்கினேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் தறியில் இருந்தார். மகள் ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாடா நழுவியது. அவள் "விடு" என்று சொல்லி, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். நாடா தரையில் விழுந்து உருண்டது. அரக்கு நிற இழை பட்டென்று அறுந்தது.

"நாடா விழுந்துக்கினு இருக்குது, நீ இன்னாமா சாமி கும்பிட்டுக்கினு இருக்கற?" என்றார் அவர்.

இருபத்தைந்து வருடத் தறி வீட்டு வாழ்க்கையில் இழை அறுந்ததற்காக நான் மகிழ்ந்தது அன்று ஒருமுறைதான். அவர் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டார். நான் சமையலறைக்குப் போய், மகளின் கத்திக்கு ஓர் இடம் ஒழித்து வைத்தேன். மேடைக்கு அடியில், தரையோடு தரையாக. அங்கிருந்து அது எங்கேயும் விழ முடியாது.